மூலக் கணக்கைக் காட்டு!

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



சர்வகலாசாலை என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்த பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி நடக்கிறது. அந்த ஆராய்ச்சிக்காகச் சேர்க்கிற கணக்குகளும் குறிப்புகளும் பிறகு என்ன ஆகின்றன? யார் கையில் இருக்கின்றன? கேட்டால் காட்டுகிறார்களா? இன்று இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். "கூலி உயர்வு, பஞ்சப்படி, மனைப்பட்டா என்று ஆயிரம் பிரச்னை இருக்க, படித்தவர்கள் சமாசாரம் நமக்கு எதற்கு?" என்று சில தோழர்கள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போவோம்.

கணக்கு என்றால் என்ன என்று நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. போனஸ் பேச்சுவார்த்தைக்குப் போனால், "இந்த வருஷம் நஷ்டம்" என்று ஒரே வார்த்தையில் முதலாளி முடித்துவிடுகிறார். சங்கம் என்ன கேட்கிறது? "பாலன்ஸ் ஷீட்டைக் காட்டு" என்கிறது. களத்து மேட்டில் கூலி நெல் அளந்த காலத்தில், மரக்காலைக் குவித்து அளக்கிறார்களா, தலையைத் தட்டி அளக்கிறார்களா என்று கண் கொட்டாமல் பார்த்து நின்றவர்கள் நம் தாய் தகப்பன்மார். மஸ்டர் ரோலில் நம் பேருக்கு நேரே எத்தனை நாள் விழுந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் நாம் நகருவதில்லை. வெறும் முடிவைச் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வதில்லை. முடிவுக்கு எப்படி வந்தாய் என்று கேட்கிறோம். அதே கேள்வியைப் பேராசிரியரிடமும் கேட்க வேண்டும் என்கிறோம். கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்தில் அத்தாட்சி இருக்கிறது.

2008-ல் அமெரிக்கப் பாங்குகள் கவிழ்ந்தன. நெருக்கடி உலகம் பூராவும் பரவியது. பாங்குகளைத் தூக்கி நிறுத்த சர்க்கார்கள் கடன் வாங்கிக் கொட்டின. அந்தக் கடன் சுமையை யார் தலையில் ஏற்றுவது என்ற கேள்வி கிளம்பியது. அந்தச் சமயம் பார்த்து, 2010-ல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கென்னத் ரோகாஃபும், அப்போது மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இருந்த கார்மன் ரைன்ஹார்ட்டும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 20 முன்னேறிய நாடுகளின் கணக்கை 1946 முதல் 2009 வரை எடுத்துப் பார்த்தோம் என்றார்கள். ஒரு நாட்டின் சர்க்கார் கடன் அந்த நாட்டு வருஷ உற்பத்தியில் 90 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டால் வளர்ச்சி படுத்துவிடுகிறது, சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவிகிதம், அதாவது பூஜ்யத்துக்கும் கீழே, என்றார்கள்.

ஆளும் வர்க்கத்துக்குக் கரும்பு தின்னக் கூலியா? பிரிட்டனில் விரைவில் நிதி மந்திரியாகப் போகிற ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2010 பிப்ரவரியிலேயே இவர்கள் பேரைச் சொல்லிப் பிரசங்கம் செய்தார். அமெரிக்காவில் பால் ரையன் போட்ட பட்ஜெட் திட்டத்தில் இது மேற்கோளாக ஏறியது. ஐரோப்பிய யூனியனின் பொருளாதார அதிகாரி ஓலி ரென் 2013-ல் கூட அந்த 90 சதவிகித எல்லையைச் சுட்டிக்காட்டி எழுதினார். "செலவை வெட்டு, பென்ஷனைக் குறை, ஆட்களைக் கழி" என்பதற்கெல்லாம் விஞ்ஞானம் பக்கபலமாக இருக்கிறது என்று காட்டிக்கொண்டார்கள். கிரீஸ் தேசத்தில் 2012 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளத்தையே வெட்டினார்கள். மாதம் 751 யூரோவாக இருந்தது 586 யூரோ ஆயிற்று. 2013-ல் அங்கே வேலை செய்யத் தயாராக இருந்தவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு வேலை இல்லை.

அந்த ஒரு கட்டுரை இல்லாவிட்டால் இந்த வெட்டெல்லாம் நடந்திராது என்று நாம் சொல்லமாட்டோம். வெட்டுவது என்று ஏற்கனவே முடிவு கட்டியவர்கள், அரிவாளுக்குப் பிடி போட ஒரு பேராசிரியர் பேரைத் தேடினார்கள். கிடைத்தது. அவ்வளவுதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் கல்விச் சாலையில் தாமஸ் ஹெர்ண்டன் என்று ஒரு ஆராய்ச்சி மாணவர். வெளிவந்த ஒரு கட்டுரையை எடுத்து, அதில் உள்ள கணக்கை மறுபடி போட்டுப் பார் என்று வகுப்பில் அவருக்கு வீட்டுப் பாடம் கொடுத்தார்கள். அவர் இந்தப் பிரபல கட்டுரையை எடுத்துக்கொண்டார். நாடுவாரியான எண்கள் பொதுவில் கிடைத்தன. ஆனால் எத்தனை முறை போட்டாலும் அந்த மைனஸ் 0.1 வரவில்லை. மாணவர் தப்பாகப் போடுகிறார் என்றுதான் முதலில் அவருடைய ஆசிரியர்களே நினைத்தார்கள். கடைசியில் 2013-ல், கணக்குப் போட்ட தாளையே அனுப்பி உதவுங்கள் என்று ஆசிரியர்களுக்கு எழுதிக் கேட்டார். ரைன்ஹார்ட் அனுப்பிவைத்தார். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அனுப்பினார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை.

அந்தத் தாள் எக்ஸெல் என்கிற கம்ப்யூட்டர் கணக்குத் தாள். அதில் 30-வது வரியிலிருந்து 49-வது வரி வரை கூட்டிச் சராசரி எடுத்திருக்க வேண்டும். 44-வது வரியோடு கூட்டல் நின்றுபோயிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் அப்படியே விட்டுப்போயின! மஸ்டர் ரோலில் கடைசி ஐந்து பேரை மறந்துவிட்டு, "ஆள் குறைவு, கூலி குறைவு" என்று மேஸ்திரி சொன்னால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. இதைவிட முக்கியமான கோளாறு வேறொன்று இருந்தது. பிரிட்டன் 19 வருஷம் அதிகக் கடனோடு இருந்தது. அந்த 19 வருஷத்தின் சராசரி வளர்ச்சி 2.4 சதவிகிதம். நியூசிலாந்தில் 1951 என்ற ஒரே வருஷம்தான் கணக்கில் சேர்ந்தது; அந்த வருஷ வளர்ச்சி மைனஸ் 7.6. இந்த ஒரு வருஷத்துக்கும் அந்தப் பத்தொன்பது வருஷத்துக்கும் ஒரே எடை போட்டிருந்தார்கள். நியூசிலாந்தின் அதற்கு முந்தைய நாலு வருஷக் கணக்கு சேரவே இல்லை. அவற்றில் மூன்று வருஷம் நல்ல வளர்ச்சி. எல்லாவற்றையும் சேர்த்து, சாதாரண முறையில் சராசரி எடுத்தபோது வந்தது மைனஸ் அல்ல, பிளஸ் 2.2 சதவிகிதம்.

ஹெர்ண்டனும் அவருடைய ஆசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் பாலின் ஆகியோரும் 2013 ஏப்ரலில் இதை வெளியிட்டார்கள். கூட்டலில் வரி விட்டுப்போனதை ஹார்வர்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். மற்ற குற்றச்சாட்டுகளை மறுத்தார்கள்; கடன் கூடினால் வளர்ச்சி குறைவது இன்னமும் தெரிகிறது என்றார்கள். திருத்திய கணக்கிலும் ஓரளவு குறைவு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 90-ஐத் தாண்டினால் பாதாளம் என்ற பூச்சாண்டி மட்டும் மறைந்துபோயிற்று.

தோழர்களே, இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கட்டுரை வந்தது 2010 ஜனவரி. பிழை வெளிப்பட்டது 2013 ஏப்ரல். மூன்று வருஷத்துக்கு மேல்! அந்த மூன்று வருஷத்தில் எத்தனை பட்ஜெட்! எத்தனை வீட்டில் அடுப்பு அணைந்தது! முதல் நாளே கட்டுரையோடு கணக்குத் தாளும் மேஜை மேல் வந்திருந்தால், ஒரு மாணவர் ஒரு வாரத்தில் பிடித்திருப்பார். எண்களை மட்டும் கொடுத்தால் போதாது, கணக்குப் போட்ட வழியையும் கொடுக்க வேண்டும் என்பதும் இதிலிருந்து விளங்குகிறது.

மூலக் கணக்கு பகிரங்கமாகக் கிடைத்தால் அது யாருக்குப் பயன்படும் என்பதற்கு நம்முடைய இயக்கத்தின் பிறப்பையே சொல்லலாம். பிரிட்டிஷ் பாக்டரி இன்ஸ்பெக்டர்கள் ஆலை ஆலையாகப் போய் வேலை நேரம், குழந்தைகளின் வயது, விபத்து எல்லாவற்றையும் எழுதி அரையாண்டுக்கு ஒருமுறை அறிக்கை கொடுத்தார்கள். லியோனார்ட் ஹார்னர் அவர்களில் பேர்போனவர். நீல அட்டை போட்டு அச்சிட்ட சர்க்கார் புத்தகங்களாக அவை வந்தன. மார்க்ஸ் அவற்றை வாசித்தார். 1867-ல் வெளிவந்த 'மூலதனம்' முதல் பாகத்தில் தொழிலாளியின் வேலை நாளைப் பற்றிய அத்தியாயம் அந்த அறிக்கைகளின் மேல்தான் நிற்கிறது. முதலாளிகளின் சர்க்கார் எழுதி வைத்த கணக்கை வைத்தே முதலாளித்துவத்தின் மீது குற்றப்பத்திரிகை தயாரானது. எழுதாமல் விட்டிருந்தாலோ, எழுதி அலமாரியில் பூட்டியிருந்தாலோ அந்த அத்தியாயம் ஏது?

இன்னொன்றும் உண்டு. 'மூலதனம்' இங்கிலீஷில் வந்தபோது, மார்க்ஸ் எடுத்தாண்ட மேற்கோள்களை மூலப் புத்தகங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலையை அவருடைய கடைசி மகள் எலினார் செய்தார். ஏங்கெல்ஸ் 1886-ல் எழுதிய முன்னுரையில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். மார்க்ஸ் எழுதியதையே சரிபார்த்தார்கள் நம்மவர்கள். அப்படியிருக்கப் பேராசிரியர் எழுதியதைச் சரிபார்த்தால் என்ன குற்றம்?

நம் பக்கத்துக்கே வருவோம். 1915 கடைசியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பொருளாதாரப் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற வெள்ளைக்காரர் வந்தார். அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் தொழிலாளருக்கென்று நடந்த ரஸ்கின் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அவர் 1916-ல் மாணவர்கள் கையில் ஒரு கேள்வித் தாளைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்து எழுதச் சொன்னார். இப்போது விழுப்புரம் ஜில்லாவில் இருக்கும் இருவேல்பட்டு, செய்யாறு பக்கத்துத் தூசி, கீழத்தஞ்சையில் பாலக்குறிச்சி, திருநெல்வேலிச் சீமையில் கங்கைகொண்டான், அந்நாள் ராமநாதபுரம் ஜில்லாவின் வடமலைபுரம் ஆகிய கிராமங்கள் அதில் உண்டு. 1918-ல் புத்தகமாக அச்சிட்டார்கள்.

எழுதி வைத்தபடியால் என்ன ஆயிற்று தெரியுமா? 1936–37-ல் பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் அதே கிராமங்களுக்குப் போனார்கள். பழைய கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிய கணக்கை எழுதினார்கள். 1981-ல் எஸ். குஹனும் ஜோன் மென்சரும் இருவேல்பட்டுக்கு மறுபடி போனார்கள். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் போனார்கள். 1916-ல் கடனுக்கு அடிமைப்பட்டு, தகப்பனுக்குப் பின் மகன் என்று பரம்பரையாகப் பண்ணையில் உழைத்த படியாட்களைப் பற்றி ஸ்லேட்டரின் ஏட்டில் இருக்கிறது. கலியாணத்துக்கு வாங்கிய கடன்தான் அந்த விலங்கு. 2008-க்குள் படியாள் முறை போய்விட்டது, பெருநிலக்காரரின் பழைய பிடி தளர்ந்துவிட்டது என்பதையும் அதே ஊரின் கணக்கு சொல்கிறது. "அந்தக் காலத்தில் எல்லாரும் ஒற்றுமையாக, சுபிட்சமாக இருந்தோம்" என்று மிராசுதார் பேரன் கதை விட்டால், ஏட்டைத் திறந்து காட்டலாம். ஒரே ஊரைப் பற்றி 90 வருஷத்துக்கு மேற்பட்ட கணக்கு இப்படிக் கிடைப்பது அபூர்வம்.

அபூர்வம் என்று ஏன் சொல்கிறோம்? மற்ற ஆராய்ச்சிகளின் மூலக் கணக்கு பெரும்பாலும் தொலைந்துபோகிறது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், 1991 முதல் 2011 வரை வந்த 516 உயிரியல் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, எழுதியவர்களைத் தேடி மூலக் கணக்கைக் கேட்டுப் பார்த்தார்கள். 2013 கடைசியில் முடிவை வெளியிட்டார்கள். புதிய கட்டுரைகளுக்குக் கணக்கு கிடைத்தது. கட்டுரைக்கு வயது ஏற ஏற, ஒவ்வொரு வருஷமும் கிடைக்கும் வாய்ப்பு சரிந்துகொண்டே போயிற்று. விலாசம் மாறிவிட்டது, பழைய பிளாப்பி தட்டில் இருக்கிறது, அதைப் படிக்க மிஷின் இல்லை, பெட்டியோடு தொலைந்தது. இப்படித்தான் பதில்கள்.

தனி மனிதர் பெட்டியில் வைத்தால்தான் தொலையும் என்றில்லை. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ராட்சதக் கம்ப்யூட்டரில், 2021 டிசம்பரில், நகல் எடுத்துவைக்கும் ஏற்பாட்டைத் திருத்தப் போய் 77 டெராபைட் குறிப்புகள் அழிந்தன. கோப்புகளின் எண்ணிக்கை 3 கோடியே 40 லட்சம். 14 ஆராய்ச்சிக் குழுக்களின் உழைப்பு. இதில் நான்கு குழுக்களுடையதை மீட்க வழியே இல்லை. நகல் எடுக்கிற வேலையே அசலைத் தின்றுவிட்டது! அசலும் நகலும் ஒரே கூரையின் கீழ், ஒரே சாவியில் இருந்தால் இதுதான் கதி. விதை நெல்லை ஒரே குதிரில் போட்டு வைக்கிற குடியானவன் உண்டா?

இது நம்மை எங்கே தொடுகிறது என்று ஆலைத் தோழர்கள் கேட்டால், உங்கள் நெஞ்சைத் தொடுகிறது என்போம். பஞ்சுத் தூசியால் வருகிற நுரையீரல் நோய் இருக்கிறதே, பிஸினோஸிஸ், அது சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. நஷ்டஈடு கேட்கலாம். ஆனால், "இது பஞ்சால் வந்ததல்ல, பீடியால் வந்தது" என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லும்போது நம் கையில் என்ன இருக்கிறது? ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்து, ப்ளோரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்கிறவர்களைக் குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளந்து போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டம் வாங்கியதும் மாணவர் போய்விடுகிறார். அளந்த நோட்டு எங்கே? பத்து வருஷம் கழித்து மறுபடி அளந்து ஒப்பிட்டால் அல்லவா மூச்சு எவ்வளவு குறைந்தது, எந்தப் பிரிவில் அதிகம் குறைந்தது என்று தெரியும்? முதல் அளவு தொலைந்தால் இரண்டாவது அளவுக்குப் பாதி மதிப்புதான்.

ஆகவேதான் ஆராய்ச்சி தொடங்குகிற அன்றைக்கே திட்டம் வேண்டும் என்கிறோம். 'தரவு மேலாண்மைத் திட்டம்' என்று இதற்குப் பெரிய பேர் வைத்திருக்கிறார்கள். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். நூற்பாலைக்காரனுக்குத் தெரிந்த விஷயம்தான். பஞ்சு பேல் வந்து இறங்கும்போதே லாட் நம்பர், எந்த ஊர்ப் பஞ்சு, எந்தத் தேதி என்று எழுதி வைக்கிறோம். எழுதி வைத்தால்தான் ரிங் பிரேமில் நூல் அறுந்துகொண்டே இருக்கும்போது எந்த லாட் கோளாறு என்று பின்னால் போய்ப் பிடிக்க முடிகிறது. நூல் கோனாகி லாரி ஏறிய பிறகு லாட் நம்பர் தேடினால் கிடைக்குமா? ஆராய்ச்சியிலும் இதேதான். என்னென்ன சேர்க்கப் போகிறோம், ஒவ்வொரு பத்தியிலும் உள்ள எண் என்ன அளவு, எத்தனை நகல், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்குமா, எத்தனை வருஷம் வைப்பது, எப்போது வெளியிடுவது, மாணவர் போன பிறகு யார் பொறுப்பு, இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும் என்று முன்கூட்டி எழுதிவிட வேண்டும். கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்பது நம் அபிப்பிராயம். காகிதத்தில் திட்டம் எழுதுவதற்கு ஒரு சாயந்திரம் போதும். அதைக் காப்பாற்ற ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும்.

அமெரிக்காவில் தேசிய விஞ்ஞான நிறுவனம் 2011 ஜனவரி முதல், பண உதவி கேட்கிறவர்கள் இந்தத் திட்டத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று விதித்தது. அங்குள்ள தேசியச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரி முதல் தன் புதிய விதியைக் கொண்டுவந்தது. முதலாளித்துவ நாட்டிலேயே பொதுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிக்கு இந்த விதி வந்துவிட்டது.

பகிர்ந்துகொள்வது புதிய விஷயமும் அல்ல. 1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை சர்வதேசப் பூகோளப் பௌதிக ஆண்டு கொண்டாடினார்கள். கெடுபிடி யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். அப்போதே உலகெங்கும் எடுத்த அளவுகளைச் சேர்த்து வைக்க அமெரிக்காவில் ஒரு மையம், சோவியத் யூனியனில் ஒரு மையம், மற்ற நாடுகளில் சில மையங்கள் என்று ஏற்பாடு செய்தார்கள். பூமி அதிர்ச்சி, கடல், காந்தம், வானிலை பற்றிய கணக்கு ஒன்றில் அழிந்தாலும் இன்னொன்றில் இருக்கும். எந்த நாட்டு விஞ்ஞானியும் கேட்டு வாங்கலாம். முதல் ஸ்புட்னிக் அந்த ஆண்டில்தான், 1957 அக்டோபர் 4-ல், மேலே போயிற்று. அணுகுண்டைக் காட்டி ஒருவரையொருவர் மிரட்டிக்கொண்டிருந்த இரண்டு முகாம்களும் கணக்கைப் பரிமாறிக்கொள்ள முடிந்தது. ஒரே பல்கலைக்கழகத்தில் அடுத்தடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேராசிரியர்களால் முடியாதா?

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். "எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவிடு" என்று நாம் குருட்டுத்தனமாகக் கோஷம் போடவில்லை. யாருடைய ரத்தம், யாருடைய வயல், யாருடைய பேர் என்ற கேள்வி இருக்கிறது. அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஹவசுப்பாய் என்ற ஆதிவாசி மக்கள் வாழ்கிறார்கள். சர்க்கரை நோய் அவர்களை வாட்டுகிறது. 1990 முதல் அரிஸோனா மாகாணப் பல்கலைக்கழகத்தார் வந்து சர்க்கரை நோய் ஆராய்ச்சி என்று சொல்லி ரத்தம் எடுத்தார்கள். அந்த ரத்தத்தை வைத்து மனநோய் பற்றியும், அவர்களுடைய மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் அவர்களுக்குத் தெரியாமலே ஆராய்ந்தார்கள். மக்கள் வழக்குப் போட்டார்கள். 2010-ல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்த மாதிரிகளைத் திருப்பிக் கொடுத்தது. கொடுத்தவரைக் கேட்காமல் பகிர்ந்தால் அதற்குப் பெயர் பகிர்வு அல்ல, களவு.

நம் தேசத்திலும் உண்டு. ஆர்.எச். ரிச்சாரியா என்ற நெல் விஞ்ஞானி சத்தீஸ்கர் வட்டாரத்துக் குடியானவர்களிடமிருந்து சுமார் 19 ஆயிரம் நெல் மாதிரிகளையும் அவற்றைப் பற்றிய விவரங்களையும் சேர்த்தார். அது ராய்ப்பூர் விவசாயப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருந்தது. 2002-ல் சிஞ்சென்டா என்ற பன்னாட்டு விதைக் கம்பெனியோடு பல்கலைக்கழகம் ஒப்பந்தம் பேசிற்று. விஷயம் வெளியே வந்ததும் விவசாயிகளும் பல அமைப்புகளும் கிளர்ச்சி செய்தார்கள். அந்த வருஷம் டிசம்பரில் கம்பெனி விலகிக்கொண்டது. பாட்டன் பாட்டி காத்த நெல் அது. அதன் விவரத்தைக் கம்பெனிக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று குடியானவனை ஒரு வார்த்தை கேட்டார்களா?

புத்தகக் கம்பெனிகளும் இப்போது இந்த வியாபாரத்தில் இறங்கியிருக்கின்றன. பேராசிரியர் இலவசமாக எழுதிக் கொடுத்த கட்டுரையைப் பல்கலைக்கழகத்துக்கே சந்தாவுக்கு விற்கிற எல்ஸேவியர் கம்பெனி, 2013-ல் மெண்ட்லே என்ற கம்பெனியை வாங்கி, அந்தப் பேரிலேயே மூலக் கணக்குப் பெட்டகமும் நடத்துகிறது. அதே 2013-ல் ஜெனீவாவில் உள்ள அணு ஆராய்ச்சி மையமான செர்ன், ஐரோப்பியப் பொதுப் பணத்தில் ஸெனோடோ என்ற பெட்டகத்தைத் தொடங்கியது. யாரும் காசில்லாமல் வைக்கலாம், எடுக்கலாம். எந்த வழி நம் வழி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தியாவில் நிலைமை என்ன? 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு, டாக்டர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் கொடுக்க வேண்டும் என்று விதி செய்தது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்காவில் அவை ஏறுகின்றன, யாரும் படிக்கலாம். நல்ல காரியம். ஆனால் ஆய்வேடு என்பது முடிவு. அதற்கு அடியில் கிடக்கும் கேள்வித் தாள்களும் அளவு நோட்டுகளும் ஆய்வேட்டோடு கூடப் போக வேண்டும். 2012-ல் மத்திய சர்க்கார் தன் இலாக்காக்களின் கணக்கைப் பகிர ஒரு கொள்கை அறிவித்தது. 2022 நவம்பரில் ஃபரிதாபாதில் உயிரியல் தரவு மையம் திறந்தார்கள். இவற்றை வரவேற்கிறோம்.

ஆனால் கொள்கை எழுதிய கையே பூட்டும் போட்டது. 2017–18-ன் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் வேலையின்மை 6.1 சதவிகிதம் என்று வந்தது. சர்க்கார் அதை வெளியிடாமல் வைத்திருந்தது. 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் கமிஷனின் தலைவர் பொறுப்பில் இருந்த பி.சி. மோகனனும், டில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியை ஜே.வி. மீனாட்சியும் ராஜினாமா செய்தார்கள். பாராளுமன்றத் தேர்தல் முடிந்த பிறகுதான் அறிக்கை அதிகாரபூர்வமாக வந்தது. அதே 2017–18-ல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவை வெளியிடுவதில்லை என்று 2019 நவம்பரில் அறிவித்தார்கள். ஏழை வீட்டில் அரிசிக்கும் பருப்புக்கும் எவ்வளவு செலவு என்று நம்மிடம் கேட்டு எழுதிய கணக்கு நமக்கே இல்லை! பல்கலைக்கழகம் இந்தக் கணக்குகளை வைத்துத்தான் வறுமையை ஆராய வேண்டும். ஊற்றை அடைத்துவிட்டு வாய்க்காலைத் தூர்வாரி என்ன பயன்?

பேராசிரியர்களை நாம் எதிரிகளாகப் பார்க்கவில்லை. மூலக் கணக்கைக் காட்டத் தயங்குகிறவர்கள் எல்லாரும் மோசக்காரர்களும் அல்ல. ஐந்து வருஷம் வெயிலில் அலைந்து சேர்த்ததை இன்னொருவர் எடுத்துத் தன் பேரில் போட்டுக்கொள்வாரோ என்ற பயம் இருக்கிறது. ஆராய்ச்சி மாணவருக்கு உதவித்தொகை மாதாமாதம் வருவதில்லை. ஒப்பந்தத்தில் இருக்கும் கல்லூரி ஆசிரியர் அடுத்த வருஷம் இங்கே இருப்போமா என்றே தெரியாமல் இருக்கிறார். அவரிடம் போய், "பத்து வருஷம் பத்திரமாக வை" என்றால் எங்கே வைப்பார், வாடகை வீட்டுப் பரணிலா? ஆகவே சேர்த்தவருக்கு முதல் உரிமையும் பேரும் கிடைக்க வேண்டும். குறிப்பிட்ட காலம் கழித்துப் பொதுவாக வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இந்த வேலைக்கென்று நிரந்தரச் சம்பளத்தில் ஆட்களைப் போட வேண்டும். நூலகங்களில் காலியாகக் கிடக்கும் இடங்களை நிரப்பினாலே பாதி வேலை நடக்கும். மாணவர் சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் இந்தக் கோரிக்கையை எழுப்பும்போது ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் கூட நின்று ஆதரிக்க வேண்டும்.

நாம் உடனே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நம் தெருவுக்கும் ஆலை வாசலுக்கும் கல்லூரி மாணவர்கள் பாரத்தோடு வருகிறார்கள். விரட்டாதீர்கள். உட்காரவைத்து, மோர் கொடுத்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கையெழுத்தோ கைநாட்டோ வைப்பதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள்: "தம்பி, இந்தக் காகிதம் எங்கே போகும்? எங்கள் பேரை மறைத்துத்தானே வெளியே கொடுப்பீர்கள்? மேஸ்திரி கையில் சிக்காதல்லவா? கம்பெனிக்கு விற்பீர்களா? முடிவு வந்ததும் தமிழில் எங்களுக்கு வந்து படித்துக் காட்டுவீர்களா? பத்து வருஷம் கழித்து எங்கள் பிள்ளைகள் கேட்டால் யாரிடம் கேட்க வேண்டும்?" நல்ல மாணவராக இருந்தால் சந்தோஷமாகப் பதில் சொல்வார், தெரியாவிட்டால் தம் பேராசிரியரைக் கேட்டு வருவார். பதிலை எழுத்தில் வாங்கி, தேதி போட்டு, சங்க ஆபீஸ் பைலில் ஒரு நகல் வையுங்கள்.